பழைய கேமரா வாங்குறது, விக்கிறது, கல்யாண வேலை எடுக்குறது: எங்கெங்கே ஏமாத்துறாங்க?

செந்தூல்வாசி

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மூணு விஷயத்துக்கு ஒரே இடத்துல ஆலோசனை கேக்குறேன்.

ஒண்ணு, செகண்ட் ஹேண்ட்ல நிக்கான் டி750 பாடியும் 24-120 லென்ஸும் வாங்கணும். ஒருத்தர் ரெண்டும் சேர்த்து 1,500 வெள்ளின்னு (மலேசிய ரிங்கிட்) போட்டிருக்கார். மத்தவங்க எல்லாரும் நல்லாவே கூட கேக்குறாங்க. ஆளு ஜொகூர் பாருவாம். 300 வெள்ளி புக்கிங் போட்டா கூரியர்ல அனுப்புறேன்னு சொல்றார். ஷட்டர் கவுண்ட் (இதுவரை எடுத்த படத்தோட எண்ணிக்கை) 28,000ன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.

ரெண்டு, என் டி5300 கிட்டை 950க்கு விளம்பரம் போட்டேன். ஒருத்தர் விலையே பேசல, அக்கவுண்ட் நம்பர் மட்டும் கேட்டார். பணம் போட்டுட்டு ரைடர் அனுப்பி எடுத்துக்குறாராம்.

மூணு, வாரக் கடைசியில கல்யாண வேலை எடுக்கலாம்னு நம்பரைப் பேஜ்ல போட்டேன். வெளிநாட்டு நம்பர்ல இருந்து ஒரு குடும்பம், பினாங்குல கல்யாணமாம், 3,500 பேக்கேஜ் சரின்னுட்டாங்க. செக் போடுறோம், அலங்காரக்காரருக்கும் சேர்த்துப் போடுறோம், நீங்க அவருக்கு அனுப்பிடுங்கன்னு மெசேஜ்.

இதுல எது சரி, எது கோளாறு? நேர்ல பார்க்கும்போது கேமராவுல என்னென்ன பார்க்கணும்?

ஷட்டர்காரன் (பிரிக்பீல்ட்ஸ்)

வாங்கும் பக்கத்தை நான் எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் வேறு ஆட்கள் வருவார்கள்.

முதலில் அந்த ஜொகூர் விளம்பரம். கண்ணால் பார்க்காத பொருளுக்குப் புக்கிங் பணம் கட்டவே கூடாது, 300 ஆனாலும் சரி 30 ஆனாலும் சரி. இப்படிப்பட்ட ஆளிடம் பெரும்பாலும் கேமராவே இருக்காது. ஒரே விளம்பரத்தை வைத்துக்கொண்டு பத்துப் பேரிடம் 300 வாங்குவதுதான் தொழில். அதனால்தான் விலை சந்தையைவிட அவ்வளவு கீழே இருக்கிறது. விளம்பரப் படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். வேறு நாட்டு விற்பனைப் பக்கத்திலிருந்து சுட்ட படமாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

தாளில் இன்றைய தேதியை எழுதிக் கேமரா பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்வது பழைய வழி. இப்போது தாளையும் கையெழுத்தையும் ஏஐ-யில் ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக நடுவில் வெட்டாத அரை நிமிட வீடியோ கேளுங்கள்: கேமராவை ஆன் செய்து, மெனுவில் ஃபர்ம்வேர் பக்கத்தைத் திறந்து காட்டி, அப்படியே கவிழ்த்து அடியில் இருக்கும் சீரியல் நம்பரைக் காட்ட வேண்டும். கூடவே நீங்கள் அந்த நேரத்தில் நினைத்துச் சொல்லும் ஏதாவது ஒன்று, உதாரணமாக கார்டு மூடியை இரண்டு தரம் திறந்து மூடுவது. கையில் கேமரா உள்ளவனுக்கு இது ஐந்து நிமிட வேலை. இல்லாதவன் ‘என்னை நம்பலையா’ என்று கோபப்படுவான்.

ஷட்டர் கவுண்ட் ஸ்கிரீன்ஷாட் எதற்கும் சாட்சி இல்லை. நிக்கானில் அந்த எண் படக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அவர் இன்று எடுத்த ஒரு ஜேபெக்கையோ என்இஎஃப்பையோ (நிக்கானின் ரா கோப்பு) கேட்டு வாங்கி, கணினியில் எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஷட்டர் கவுண்ட்டும் சீரியல் நம்பரும் வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்தகவல் எல்லாம் உதிர்ந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். எடிட் செய்து ஏற்றுமதி பண்ணிய படமும் உதவாது. டி750-க்கு நிக்கான் சோதித்துச் சொல்லும் ஷட்டர் ஆயுள் 150,000. அதைத் தாண்டியும் ஓடும், முன்னாலேயும் போகும், ஆனால் விலை பேச அதுதான் அளவுகோல். கேனானில் பெரும்பாலான மாடல்களில் இந்த எண் படத்துக்குள் இருக்காது, அது வேறு கதை.

எண்ணும் உடம்பும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். 28,000 தான் ஓடியது என்கிறவர் கேமராவில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ பெயின்ட் உரிந்து உலோகம் பளபளத்தால், கட்டை விரல் ரப்பர் வழுவழுவென்று ஆகி ஓரம் தூக்கியிருந்தால், அது கல்யாண மண்டபத்தில் உழைத்த கேமரா. சீரியல் நம்பர் அடி ஸ்டிக்கரில் ஒன்று, படத்துக்குள் வேறொன்று என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

டி750-க்கு மட்டும் உள்ள ஒரு விஷயம்: ஷட்டர் கோளாறால் படத்தின் ஒரு பகுதி இருட்டடிக்கும் பிரச்சினைக்கு நிக்கான் 2015-இல் இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது. பிறகு அதைக் கூடுதல் கேமராக்களுக்கும் விரித்தது. அதனால் கீழே சொல்லும் 1/4000 சோதனையைக் கவனமாகச் செய்யுங்கள்.

நேரில் சந்திக்கும்போது என்யூ சென்ட்ரல் மாதிரி வெளிச்சமும் உட்கார இடமும் உள்ள மாலுக்கு வரச் சொல்லுங்கள். மாமாக் கடை மேசையில் டீ கொட்டும், வெளிச்சமும் பத்தாது. உங்கள் சொந்த எஸ்டி கார்டு இரண்டு (டி750-இல் இரண்டு ஸ்லாட், இரண்டையும் சோதிக்க வேண்டும்), கார்டு ரீடர், சின்ன டார்ச், முடிந்தால் லேப்டாப். இருபது நிமிடம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தினால் கிளம்பிவிடுங்கள்.

பாடியில்: வெள்ளைச் சுவரை நோக்கி 1/4000-இல் ஐந்தாறு படம். ஒரு ஓரம் மட்டும் இருட்டாக வந்தால் ஷட்டர் திரை சோர்ந்துவிட்டது. அதே சுவரில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஃபோகஸ் விலக்கி, கேமராவை மெல்ல அசைத்துக்கொண்டே ஒரு படம் எடுங்கள். சென்சார் தூசி கறும்புள்ளியாக அதே இடத்தில் நிற்கும். தூசி போகும், கீறல் போகாது. கீறல் கோடாகத் தெரியும். மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 3200-இல் ஒரு விநாடி எடுத்தால் நிறப் புள்ளிகள் சில வருவது சாதாரணம், கொத்தாகவோ கோடாகவோ வந்தால் வேண்டாம். மடக்கும் ஸ்கிரீனை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். சில கோணத்தில் மட்டும் படம் அணைந்து வந்தால் உள்ளே ரிப்பன் கேபிள் போய்க்கொண்டிருக்கிறது. மெனுவில் பேட்டரி தகவல் பக்கம் 0 முதல் 4 வரை பேட்டரியின் வயதைக் காட்டும். 3, 4 என்றால் புது பேட்டரிக் காசைக் கழித்துப் பேசுங்கள்.

லென்ஸில்தான் இந்த ஊரில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காத லென்ஸ் என்றால் அது டிரை கேபினெட்டில் 40, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் கிடந்த லென்ஸ். அலமாரியில் பையோடு கிடந்தது என்றால் சந்தேகமாகவே பாருங்கள். சும்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியாது. நிக்கான் ஜி வகை லென்ஸைக் கழற்றினால் அபர்ச்சர் இதழ்கள் மூடிக்கொள்ளும். மவுன்ட் பக்கம் இருக்கும் சின்ன உலோக நெம்பை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் முழுதாகத் திறக்கும். திறந்து பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடியிலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்து, பின் பக்கமாகப் பாருங்கள். தூசி தனித்தனிப் புள்ளி. பூஞ்சை வேர் மாதிரி கிளை பிரிந்து ஓடும், பெரும்பாலும் ஓரத்திலிருந்து தொடங்கும். கண்ணாடி முழுக்கப் பால் படிந்த மாதிரி மங்கினால் அது ஹேஸ். ‘கிளீன் பண்ணா போயிடும்’ என்பார்கள். பூஞ்சை போகும், அது அரித்த பூச்சு திரும்ப வராது. நெம்பை விட்டதும் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் எண்ணெய் கசிந்திருக்கிறது. மவுன்ட் திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ வீட்டில் பிரித்திருக்கிறார்கள். ஃபில்டர் வளையம் நெளிந்திருந்தால் விழுந்த லென்ஸ். அப்போது எஃப் 4-இல் ஓடு பதித்த சுவரை நேராக எடுத்து நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு மூலை மட்டும் மங்கினால் கண்ணாடி நகர்ந்துவிட்டது. 24-120-ஐக் குனிய வைத்தால் குழாய் தானே வழுக்கி இறங்குவது அந்த லென்ஸில் சகஜம், அதற்காக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்டி, வாரண்டி அட்டை, ரசீது கேளுங்கள். ஏபி செட், அதாவது இங்குள்ள விநியோகஸ்தர் வழியாக வராத பொருள், மோசடி இல்லை. ஆனால் இங்கே வாரண்டி செல்லாது, அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். பெட்டியும் இல்லை, ரசீதும் இல்லை, ஐசி (அடையாள அட்டை) காட்டவும் மாட்டேன் என்கிற ஆளிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். வாடகைக்கு எடுத்த லென்ஸை அப்படியே விற்றுவிட்டு ஓடுகிற கூட்டம் உண்டு. திருட்டுப் பொருள் என்று நினைக்கக் காரணம் இருந்தும் வாங்கினால் தண்டனைச் சட்டம் 411-வது பிரிவு வாங்கியவர் மேலும் பாயும். ஒரு தாளில் இரண்டு பேர் பெயர், சீரியல் நம்பர், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடவே இலவசமாகத் தருகிற மெமரி கார்டை அப்படியே வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். 128 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 16 இருக்கும் போலிகள் நிறைய. எழுதிக்கொண்டே போகும், பழைய படத்தின் மேல் புதுப் படம் ஏறிவிடும், மண்டபத்தில் தெரியாது. விண்டோசில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3, இவற்றில் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படிக்க வையுங்கள். 128 ஜிபி கார்டு விநாடிக்கு 60 எம்பி வேகத்தில் எழுத மட்டும் 35 நிமிடத்துக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும்.

பட்டர்வொர்த் ஃபெர்ரி

தம்பி, உங்க ரெண்டாவது கேள்விதான் மூணுலயும் ஆபத்து. ரைடர் விஷயம். அக்கவுண்ட் நம்பர் கொடுத்துட்டீங்களா? கொடுக்கலன்னா கொடுக்காதீங்க, காரணம் சொல்றேன்.

எல்லாரும் போலி ரிசிட்டைப் பத்தியே பேசுவாங்க. அது சின்னத் திருட்டு. ‘டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டேன்’னு ஸ்கிரீன்ஷாட் காட்டுவான். சில நேரம் ரிசிட் உண்மையாவே பேங்க் ஆப்ல இருந்து வந்ததா இருக்கும், ஆனா தேதியை நாளைக்கு வச்சிருப்பான், நீங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள அதை ரத்து பண்ணிடுவான். இல்லன்னா டியூட்நவ்ங்கிற உடனடி டிரான்ஸ்ஃபருக்குப் பதிலா ஐபிஜி-ங்கிற மெதுவான வழியில அனுப்பினேன், நாளைக்கு ஏறும்பான். இதுக்கெல்லாம் மருந்து ஒண்ணுதான்: உங்க போன்ல, உங்க ஆப்ல, நீங்களே லாகின் பண்ணி பரிவர்த்தனைப் பட்டியல்ல பார்க்கணும். டியூட்நவ்னா சில விநாடியில ஏறிடும். எஸ்எம்எஸ் வந்துச்சுன்னு நம்பாதீங்க, அனுப்புற பேரை மாத்தி எஸ்எம்எஸ் விட முடியும். அவன் போனை நீட்டினாலும் பார்க்காதீங்க.

உங்களுக்கு வந்திருக்கிறது வேற வகை. இதுல பணம் உண்மையா ஏறும். அதனாலதான் விக்கிறவங்க சுலபமா மாட்டுறாங்க. நடக்குறது இப்படி:

திருடன் உங்க டி5300 விளம்பரத்துல இருக்கிற படங்களை எடுத்து, தன் பேர்ல இன்னொரு தளத்துல அதே 950க்குப் போடுறான். ஈப்போவுல ஒருத்தர் வாங்க வர்றார். திருடன் அவருக்கு உங்க அக்கவுண்ட் நம்பரைக் கொடுக்குறான். அவர் 950 போடுறார், உங்க கணக்குல நிஜமாவே ஏறுது. நீங்க சந்தோஷமா ரைடர் கையில கேமராவைக் கொடுக்குறீங்க. ரைடர் பாவம் டெலிவரி ஆளு, எங்கேயோ ஒரு கார் பார்க்கிங்ல திருடன்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போயிடுவார். ஈப்போக்காரருக்குப் பொருள் வரல. அவர் போலீஸ் ரிப்போர்ட் போடும்போது அவர் கையில இருக்கிற ஒரே ஆதாரம் என்ன? உங்க அக்கவுண்ட் நம்பர், உங்க பேரு. பேங்க் கணக்கை முடக்கலாம், போலீஸ் வாக்குமூலத்துக்குக் கூப்பிடும். கேமராவும் போய், பணமும் கேள்விக்குறியாகி, மோசடிக்காரன்ங்கிற பேரு உங்களுக்கு.

அடையாளம் உங்க பதிவுலயே இருக்கு: விலை பேசல, ஷட்டர் கவுண்ட் கேக்கல, அக்கவுண்ட் நம்பர் முதல்ல கேட்டான், நேர்ல வரமாட்டான்.

தடுக்குறது கஷ்டமில்ல. பணம் போடுற பேரும் பொருளை வாங்குற ஆளும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான் சட்டம். அக்கவுண்ட் நம்பரை சாட்ல கொடுக்கவே வேண்டாம். நேர்ல வரட்டும், கேமராவைச் சோதிக்கட்டும், உங்க டியூட்நவ் க்யூஆரை அங்கேயே காட்டுங்க, அவங்க போன்ல இருந்து உங்க கண் முன்னாடி அனுப்பட்டும். உங்க ஆப்ல வர்ற அனுப்புநர் பேரை அவங்க ஐசியோட ஒத்துப் பாருங்க. குறிப்புக் கட்டத்துல ‘டி5300’ன்னும் சீரியலோட கடைசி நாலு எண்ணையும் அவங்களையே டைப் பண்ணச் சொல்லுங்க. நாளைக்கு யாராவது ‘நான் வாஷிங் மெஷினுக்குப் போட்ட காசு’ன்னு வந்தா அந்தக் குறிப்பு பேசும். விளம்பரப் படத்துல உங்க தளப் பேரைக் கேமரா மேலேயே, ஓரத்துல இல்ல, குறுக்கா எழுதிப் போடுங்க.

தெரியாத பேர்ல பணம் ஏற்கெனவே வந்துருச்சுன்னா, ‘தப்பா போட்டுட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க’ன்னு ஒரு மெசேஜ் வரும். அனுப்பாதீங்க. அந்த நம்பர் வேற ஒருத்தனோடது. உங்க பேங்க்கைக் கூப்பிட்டு, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்க, சாமானை வீட்டுலயே வைங்க.

ரொக்கமா வாங்குறீங்கன்னா பேங்க் லாபியில சந்திங்க. கையில எண்ணி வாங்கினதும் பக்கத்துல இருக்கிற சிடிஎம்ல (பணம் போடுற மெஷின்) உங்க கணக்குல போட்டுடுங்க. கள்ள நோட்டை மெஷின் துப்பிடும், எண்ணிக்கையும் அதுவே சொல்லிடும். வாங்க வந்தவர் அதுவரைக்கும் நிக்கட்டும், நல்ல ஆளு நிப்பார்.

இன்னொண்ணு, சின்னது. ‘கூரியர் கம்பெனி மூலமா பணம் கட்டிட்டேன், இந்த லிங்க்ல போய்ப் பணத்தை எடுத்துக்குங்க’ன்னு வரும். கார்டு நம்பர், பின்னாடி இருக்கிற மூணு எண், ஓடிபி எல்லாம் கேக்கும். பணம் வாங்குறதுக்கு உங்க கார்டு எதுக்கு? மூடிட்டுப் போங்க.

கிள்ளான்_கிளிக்

இவ்வளவு தலைவலி எதுக்கு? போலீஸோட செமாக் மியூல் (மோசடிக் கணக்கு தேடுற) பக்கத்துல அக்கவுண்ட் நம்பரையும் போன் நம்பரையும் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடுமே.

பட்டர்வொர்த் ஃபெர்ரி

போட்டுப் பாருங்க, கட்டாயம் பாருங்க. ஆனா அதுல ரிப்போர்ட் ஆன நம்பர்தான் வரும். நேத்து வாங்கின மியூல் அக்கவுண்ட் (மோசடிப் பணம் போகவர அடுத்தவர்கிட்ட வாங்குற கணக்கு), இன்னும் யாரும் ரிப்போர்ட் பண்ணலன்னா சுத்தமாதான் காட்டும். சிவப்பு வந்தா நிறுத்துறதுக்கு உதவும், வராததை வச்சு நம்பிப் பணம் போட உதவாது. மேல சொன்ன மூணு கை விளையாட்டுல, ஈப்போக்காரர் செமாக் பண்ணியிருந்தாலும் ஒண்ணும் வந்திருக்காது, ஏன்னா அது ஒரு நல்ல மனுஷனோட அக்கவுண்ட்.

வாங்குறவங்களுக்கு அதைவிடப் பெரிய தடயம், டிரான்ஸ்ஃபர் பண்ணும்போது ‘உறுதி செய்’ அழுத்துறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல வர்ற பேரு. விக்கிறவர் பேரு ஒண்ணு, கணக்கு ஏதோ ஒரு எண்டர்பிரைஸ் பேர்லன்னா விரலை எடுத்துடுங்க.

செந்தூல்வாசி

நல்லவேளை, நம்பர் இன்னும் கொடுக்கல. ஃபெர்ரி அண்ணே, ஒரு சந்தேகம். உண்மையிலேயே மனைவி அக்கவுண்ட்ல இருந்து பணம் போடுறவங்க இருப்பாங்களே? அவங்களை எப்படி?

பட்டர்வொர்த் ஃபெர்ரி

இருப்பாங்க. அப்ப மனைவி வீடியோ கால்ல வந்து ஐசியைக் காட்டி ‘நான்தான் போட்டேன், டி5300க்கு’ன்னு சொல்லட்டும், வர்றவர் ஐசியையும் பாருங்க. வீட்டுக்காரம்மா போட்டது நிஜம்னா இதுல என்ன சிரமம்? ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே செய்வாங்க. முடியலன்னா ரொக்கம் கொண்டுவரச் சொல்லுங்க.

தண்ணீர்மலை லென்ஸ்

மூன்றாவதுக்கு நான் வருகிறேன். பினாங்குக் கல்யாணம் என்கிறீர்கள், நம்ம ஊர் தானே.

அந்த செக் வாடிக்கையாளரை உடனே விடுங்கள். 3,500 வேலைக்கு 8,000க்கு செக் போடுவார்கள். கணக்கில் தொகை தெரியும், ஆனால் அது இன்னும் கிளியர் ஆகாத தொகை. மொத்த இருப்பும், எடுக்கக்கூடிய இருப்பும் வேறு வேறு வரியில் இருக்கும், இரண்டாவதைப் பார்க்க வேண்டும். மிச்சம் 4,500-ஐ ‘அலங்காரக்காரருக்கு இன்றைக்கே அனுப்புங்கள், முன்பணம் கேட்கிறார்’ என்று அவசரப்படுத்துவார்கள். நீங்கள் அனுப்புவது உங்கள் சொந்தப் பணம். செக் திரும்பி வரும்போது அலங்காரக்காரரும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. வெளிநாட்டு செக் என்றால் திரும்பி வர வாரக் கணக்கில் ஆகலாம். செக்குக்குப் பதில் கிரெடிட் கார்டு லிங்க் என்று வந்தாலும் கதை அதேதான், கார்டு திருட்டுக் கார்டாக இருந்தால் உரியவர் புகார் செய்ததும் தொகை உங்களிடமிருந்து பிடுங்கப்படும். வாடிக்கையாளர் பணத்தை வேறொருவருக்குக் கடத்தி விடுவது புகைப்படக்காரர் வேலை இல்லை. 2024 அக்டோபர் 31 முதல் அடுத்தவர் பணம் போகவர அக்கவுண்ட்டைக் கொடுப்பதற்கே தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதல் தனிப் பிரிவுகள் வந்துவிட்டன, அதனால் ‘உதவிக்குத்தானே’ என்றும் செய்யாதீர்கள்.

உண்மையான கல்யாண வீடா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: முகூர்த்தம் எத்தனை மணிக்கு? ஐயரிடம் நாள் குறித்த வீட்டில் நிமிடத்தோடு சொல்வார்கள். மோசடிக்காரன் ‘காலையில்’ என்பான். அடுத்தது எந்தக் கோயில், எந்த மண்டபம். பெயர் சொன்னால் அந்த அலுவலகத்துக்கு நீங்களே நம்பர் தேடிக் கூப்பிட்டு, அன்றைக்கு அந்தப் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் கொடுத்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். கல்யாண வீட்டார் ஸ்டைல் கேட்பார்கள், பழைய ஆல்பம் கேட்பார்கள், விலையைக் குறைக்கச் சொல்லி உயிரை எடுப்பார்கள். எதையும் கேட்காமல் சரி என்கிறவர்தான் சந்தேகத்துக்குரியவர்.

அரசு அலுவலகம், முகாம், பள்ளி என்று சொல்லிப் பெரிய நிகழ்ச்சிக்கு அழைத்து, லெட்டர்ஹெட்டோடு ஆர்டரும் அனுப்பி, ‘கூடவே இத்தனை ஃபிரேம் வேண்டும், இந்தக் கடையில் மட்டும் வாங்குங்கள், பில்லில் சேர்த்துக் கொடுக்கிறோம்’ என்றால் அந்தக் கடையும் அவர்களுடையதுதான். ஃபிரேமுக்கு நீங்கள் கட்டும் காசுதான் குறி.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வரும், இந்தத் தொழிலில் வாரம் முழுக்க வரும், அதனால் விரல் தானாகத் தட்டிவிடும். படமாக, பிடிஎஃப்பாக, இணையப் பக்கமாக வந்தால் சரி. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஆண்ட்ராய்டு போனில் ஏறி உட்கார்ந்து எஸ்எம்எஸ்ஸையும் பேங்க் டேக் எண்ணையும் (பணம் அனுப்ப வரும் உறுதி எண்) படிக்கும் செயலி. வேலைக்குத் தனி போன், பேங்க் ஆப் வேறு போன் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி உண்மையான வேலை. ஏமாற்று என்பது எப்போதும் திருடனிடமிருந்து வருவதில்லை, மீதிப் பணம் தராத மாமா, சித்தப்பாவிடமிருந்தும் வரும். 3,500 பேக்கேஜ் என்றால் தேதியைப் பிடிக்க 1,000, முகூர்த்தத்துக்கு ஏழு நாள் முன்னால் 1,800, படம் பார்த்த பிறகு 700. பார்க்கக் கொடுக்கும் படம் சிறிய அளவில், நடுவில் பெயர் எழுதியதாக இருக்கட்டும். 700 ஏறியதும் முழு அளவு. கல்யாணத்தன்று மண்டப வாசலில் பணம் கேட்டு நிற்கும் நிலையை வைத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு யார் கையிலும் பணம் இருக்காது, யாருக்கும் நேரமும் இருக்காது.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், ஆனால் அதில் இருக்க வேண்டியவை இருக்கட்டும்: நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன் எவை எவை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, தாண்டினால் மணிக்கு எவ்வளவு, எடிட் செய்த படம் குறைந்தது எத்தனை, எத்தனை நாளில், ரா கோப்பு உண்டா இல்லையா, தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும். ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை எங்கேயும் எழுதாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று காப்புரிமை. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 26-வது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு செய்த வேலையின் காப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே போய்விட்டதாகக் கருதப்படும். ‘நான் எடுத்த படம் என்னுடையது’ என்று எண்ணிக்கொண்டு மணமக்கள் படத்தை விளம்பரத்துக்குப் போட்டால் தப்பு உங்கள் பக்கம். காப்புரிமை யாரிடம், போர்ட்ஃபோலியோவில் போடலாமா, இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

செகண்ட் ஷூட்டராகப் போனால், பணம் யார் தருவது, எத்தனை நாளில் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். வேலை கொடுப்பதற்கு முன் யூனிஃபார்ம் காசு, பயிற்சிக் காசு கேட்கும் இடத்துக்குப் போக வேண்டாம். கார்டை அப்படியே கழற்றிக் கொடுக்காதீர்கள், மண்டபத்திலேயே லேப்டாப்பில் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டுக் கார்டைத் திரும்ப வாங்குங்கள். ஐசி படம் கேட்டால் படத்தின் குறுக்கே ‘இன்ன வேலைக்கு மட்டும், இன்ன தேதி’ என்று எழுதி அனுப்புங்கள்.

மணமகன்_2

கேள்வி கேட்டவருக்கு இல்லை, இதைப் படிக்கும் கல்யாண வீட்டாருக்கு. அடுத்தவர் படங்களைத் திருடிப் பேஜ் போட்டு முன்பணம் வாங்கும் ஆட்களைக் கண்டுபிடிக்க, அழகான பத்துப் படம் கேட்காதீர்கள், ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் கேளுங்கள், 300 படமோ 400 படமோ. திருடியவரிடம் நல்ல படங்கள் மட்டும்தான் இருக்கும், அத்தை சாப்பிடும் படம் இருக்காது. எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு எண்ணைக் கேட்டு, பதிவான பெயரும் பேங்க் கணக்குப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். தனி ஆள் தொழிலைப் பதிவதற்கு ஆண்டுக்கு 30 அல்லது 60 வெள்ளிதான், பதியவில்லை என்றால் காரணம் கேட்கலாம்.

படம் எடுத்துவிட்டுக் கொடுக்காமல் இழுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை, கட்டணம் 5 வெள்ளி, படிவம் 1-ஐ நிரப்ப வேண்டும், வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஒப்பந்தமும் ரசீதும் அங்கே தேவைப்படும்.

ஷட்டர்காரன் (பிரிக்பீல்ட்ஸ்)

மணமகன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த மன்றம் வியாபாரி மேல் பயனீட்டாளர் போடும் வழக்குக்கு. தன் பழைய கேமராவை விற்கும் தனி ஆள் மேல் அங்கே போக முடியாது, கடையில் வாங்கியிருந்தால் போகலாம். மீதிப் பணம் தராத வாடிக்கையாளர் மேல் புகைப்படக்காரரும் அங்கே போக முடியாது, அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி. கடை கொஞ்சம் விலை கூடினாலும் சிலர் கடையிலேயே வாங்குவது இதனால்தான்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் தளத்தில் எழுதிக்கொண்டிருக்காமல் முதலில் 997-ஐக் கூப்பிடுங்கள், தேசிய மோசடி எதிர்ப்பு மையம். இல்லையென்றால் உங்கள் பேங்க்கின் மோசடிப் புகார் எண்ணை. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நிமிடங்களில் ஓடும், தொடர்ந்து துரத்தி நிறுத்த நேரம்தான் முக்கியம். பிறகு எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் போடலாம், உங்கள் வட்டாரமாக இருக்கத் தேவையில்லை. சாட்டை அழிக்காதீர்கள், அவனைத் திட்டிப் பிளாக் பண்ணவும் வேண்டாம். விளம்பரப் பக்கத்தை முகவரியோடு படம் பிடித்து வையுங்கள், அதை அவன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவான்.

செந்தூல்வாசி

எல்லாருக்கும் நன்றி. ரைடர் ஆளையும் செக் குடும்பத்தையும் விட்டாச்சு. ஜொகூர்காரர்கிட்ட வீடியோ கேட்டேன், அனுப்பல. ஆனா அடுத்த வாரம் கேஎல் வர்றாராம், நேர்ல காட்டுறேன்கிறார். டோலுக்கும் எண்ணெய்க்கும் 100 வெள்ளி மட்டும் முன்னாடி போடச் சொல்றார். 300க்கு 100 பரவால்லயா?

ஷட்டர்காரன் (பிரிக்பீல்ட்ஸ்)

வேண்டாம். வரட்டும், கேமராவைப் பார்த்து வாங்கினால் அந்த 100-ஐயும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். உண்மையில் வருகிறவர் என்றால் அதற்கு ஒத்துக்கொள்வார். வந்தால் கார்டு ரீடரை மறக்காமல் கொண்டுபோங்கள், ஜேபெக்கோடு ஒரு என்இஎஃப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் வேறு விற்பவர்களையும் தேடிக்கொண்டே இருங்கள்.